பாய்ம இயக்கவியல்: கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாய்மம் என்றால் ஓடக்கூடிய பொருள், அதாவது திரவமும் வாயுவும். இரண்டாம் ஆண்டில் பலரும் முதலில் தடுமாறும் பாடம் இது. இதில் வரும் கணக்கு பெரும்பாலும் பெருக்கல், வகுத்தல்தான். எந்தச் சமன்பாட்டை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதில்தான் சிக்கல் வருகிறது. வகுப்பில் வருடா வருடம் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் வற்புறுத்துவேன்: சூத்திரத்தைத் தேடும் முன், பம்ப் கொடுத்த ஆற்றல் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. நமக்கு என்ன வித்தியாசம்?

அடிப்படை விதிகள் ஒன்றுதான், பயன்படும் இடம்தான் வேறு. சிவில்காரர்களுக்கு ஆறும் கால்வாயும் அணையும் முக்கியம், மெக்கானிக்கல்காரர்களுக்கு டர்பைனும் இறக்கையும். நமக்குக் குழாய், பம்ப், வால்வ், அப்புறம் துகள்கள் நிரம்பிய படுகை. நம் குழாயில் ஓடுவது தண்ணீராக இருக்கவேண்டும் என்பதில்லை. கந்தக அமிலம், உருகிய பாலிமர், சர்க்கரைப்பாகு, கொதிநிலையில் இருக்கும் நாஃப்தா என எதுவும் வரலாம். இதற்குப் பிறகு வரும் வெப்பப் பரிமாற்றம், பொருண்மைப் பரிமாற்றம் இரண்டும் ரெனால்ட்ஸ் எண்ணில்தான் ஆரம்பிக்கும். இங்கே விட்டது அங்கே போய் இடறும்.

பாகுநிலை சூடானால் குறையுமா, கூடுமா?

பாகுநிலை என்பது ஓட்டத்துக்குப் பாய்மம் காட்டும் உள்தடை. அது திரவத்தில் குறையும், வாயுவில் கூடும். திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கமாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. சூடு ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. வாயுவில் பிடி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஓர் அடுக்கிலிருந்து பக்கத்து அடுக்குக்குத் தாவும் மூலக்கூறுகள்தான் உந்தத்தைச் சுமந்து போகின்றன. சூடானால் அவை வேகமாகத் தாவும், பாகுநிலை கூடும்.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை 1 மில்லிபாஸ்கல் விநாடி, பழைய அலகில் 1 சென்டிபாய்ஸ். 30 டிகிரியில் அது 0.8. காற்றுக்குச் சுமார் 0.018. 20 டிகிரியில் கிளிசரின் சுமார் 1,400, அதையே 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 80 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே பொருளுக்கு இவ்வளவு மாற்றம் என்பதால், கணக்கில் வெப்பநிலை என்ன என்று பார்க்காமல் பாகுநிலையை எடுக்காதீர்கள்.

கேஜ் அழுத்தமா, முழு அழுத்தமா?

கேஜ் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் எவ்வளவு என்பது, முழு அழுத்தம் வெற்றிடத்திலிருந்து எண்ணுவது. சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் அழுத்தம் வந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம், இரண்டிலும் ஒன்றே இருந்தால் போதும். ஆவி அழுத்தமோ (எந்த அழுத்தத்தில் திரவம் கொதிக்குமோ அது) வாயுவின் அடர்த்தியோ கணக்கில் நுழைந்துவிட்டால் முழு அழுத்தம்தான். பம்பின் உறிஞ்சு பக்கக் கணக்குகளில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

இதோடு வரும் இன்னொரு தவறு: குழாயில் தண்ணீர், யூ வடிவ மானோமீட்டரில் பாதரசம் என்றால், மட்ட வித்தியாசத்தைப் பெருக்க வேண்டிய எண் 13.6 இல்லை, 12.6. பாதரசத்தின் மேல் காற்று இல்லை, தண்ணீர் நிற்கிறது. அதன் எடையைக் கழிக்கவேண்டும்.

பெர்னூலி சமன்பாட்டை எப்போது பயன்படுத்தலாம்?

டேனியல் பெர்னூலி தன் கருத்தை 1738-இல் வெளியிட்டார். நாம் இன்று எழுதும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆய்லர். அழுத்தம், வேகம், உயரம் மூன்றுக்கும் உரிய ஆற்றலைக் கூட்டினால் தொகை மாறாது என்று பள்ளியில் படித்த அந்த வடிவம் சில நிபந்தனைகளோடு வருகிறது. ஓட்டம் நேரத்தோடு மாறக்கூடாது. அடர்த்தி மாறக்கூடாது. உராய்வு இருக்கக்கூடாது. எடுக்கும் இரண்டு புள்ளிகளும் ஒரே ஓடுகோட்டில் (பாய்மம் போகும் பாதையில்) இருக்கவேண்டும். நடுவில் பம்போ டர்பைனோ இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் ஒரு 100 மீட்டர் குழாயைக் காட்டி, இதில் உராய்வு இல்லை என்று யாராலும் சொல்லமுடியாது.

அதனால் நாம் பெர்னூலியை விரித்து எழுதுகிறோம். ஹெட் என்றால் ஆற்றலைத் திரவம் நிற்கும் உயரமாக, மீட்டரில் சொல்வது. முதல் புள்ளியில் இருக்கும் அழுத்த ஹெட், வேக ஹெட், உயரம் மூன்றையும் கூட்டி, அதோடு பம்ப் தரும் ஹெட்டைச் சேர்த்தால், இரண்டாம் புள்ளியில் இருக்கும் அதே மூன்றும் உராய்வில் இழந்த ஹெட்டும் சேர்ந்த தொகை வரவேண்டும். வரவு, செலவு இரண்டும் சரிப்படவேண்டும், அவ்வளவுதான். பாடத்தில் பாதி இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

புள்ளிகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் திறமை. திறந்த தொட்டி என்றால் ஒரு புள்ளியைத் திரவத்தின் மேல்மட்டத்தில் வையுங்கள். அங்கே கேஜ் அழுத்தம் பூஜ்யம், வேகமும் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு உறுப்புகள் உடனே காணாமல் போகும். அதே புள்ளியைக் குழாயின் வாயில் வைத்தால் தெரியாத எண்கள் இரண்டு கூடும். படம் வரைந்து, 1, 2 என்று குறித்துவிட்டுத்தான் பேனாவைச் சமன்பாட்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.

வேக ஹெட்டில் ஒரு திருத்தமும் உண்டு. லேமினார் (அடுக்கடுக்காக, கலங்காமல் போகும்) ஓட்டத்தில் சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான இயக்க ஆற்றலில் பாதிதான் வரும், 2-ஆல் பெருக்கவேண்டும். டர்புலன்ட் (சுழித்துக் கலங்கும்) ஓட்டத்தில் திருத்தம் 1.05 அளவில் இருப்பதால் விட்டுவிடலாம்.

உராய்வு இருந்தால் குழாயின் கடைசியில் வேகம் குறையத்தானே வேண்டும்?

குறையாது. ஒரே விட்டம், மாறாத அடர்த்தி, நிலையான ஓட்டம் என்றால் உள்ளே போவது வெளியே வந்தாகவேண்டும். சராசரி வேகம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். உராய்வுக்கான விலையைக் கொடுப்பது அழுத்தம். அந்த ஆற்றல் வெப்பமாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. கீழே வரும் கணக்கில் 100 மீட்டர் குழாயில் 44 கிலோபாஸ்கல் இழக்கிறோம். அது தண்ணீரின் வெப்பநிலையை ஏறக்குறைய நூறில் ஒரு டிகிரிதான் கூட்டும். இழந்த ஆற்றல் யார் கண்ணிலும் படாமல் போவதன் காரணம் இதுதான். மின்கட்டணத்தில் மட்டும் அது தெரியும்.

ரெனால்ட்ஸ் எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வருவது. திரவத்தின் ஓட்ட வேகம் கிளப்பும் கலக்கத்துக்கும், அந்தக் கலக்கத்தை அடக்கும் பாகுநிலைக்கும் இடையே உள்ள விகிதம் அது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாய இழை விட்டுப் பார்த்த சோதனையிலிருந்து வந்தது. அவர் பெயரை 1908-இல் அந்த எண்ணுக்கு வைத்தவர் சோமர்ஃபெல்ட். குழாய் ஓட்டத்தில் 2,100-க்குக் கீழே லேமினார், 4,000-க்கு மேலே டர்புலன்ட் என்று நம் துறையில் வைத்துக்கொள்கிறோம். மெக்கானிக்கல் நண்பர் 2,300 என்பார். அதற்காகச் சண்டை வேண்டாம், இடைப்பட்ட பகுதியில் எந்தச் சூத்திரமும் நம்பத்தகுந்ததில்லை. வடிவமைக்கும்போது அந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

உராய்வுக் காரணி 16-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுப்பதா, 64-ஐ வகுப்பதா?

உராய்வுக் காரணி என்பது குழாயின் அழுத்த இழப்பைக் கணக்கிட உதவும் எண். இரண்டும் சரி. இந்தப் பாடத்திலேயே அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லேமினார் ஓட்டத்துக்கு 16 என்று வருவது ஃபேனிங் காரணி, 64 என்று வருவது டார்சி காரணி. டார்சி காரணி ஃபேனிங்கைப் போல எப்போதும் 4 மடங்கு. நம் துறைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஃபேனிங்கையும், மற்றவை டார்சியையும் எடுத்துக்கொள்கின்றன. காரணிக்கேற்ப அழுத்த இழப்புச் சூத்திரமும் மாறும். ஃபேனிங் என்றால் 4-ஐ வெளியே எழுதவேண்டும், டார்சியில் அது உள்ளேயே இருக்கிறது.

ஒரு வரைபடத்தில் காரணியைப் படித்து, வேறொரு புத்தகத்தின் சூத்திரத்தில் போட்டால் விடை 4 மடங்கு தப்பும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. வரைபடத்தின் லேமினார் கோட்டில் ரெனால்ட்ஸ் எண் 1,000-க்கு நேராகப் பாருங்கள். 0.016 என்றால் ஃபேனிங், 0.064 என்றால் டார்சி. மூடி 1944-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் டார்சி காரணியில் உள்ளது. தேர்வுக்கூடத்தில் கொடுக்கும் வரைபடத்தையும் இப்படிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

ஒரு முழுக் கணக்கைக் காட்டமுடியுமா?

சரி, போட்டே பார்ப்போம். கீழே உள்ள திறந்த தொட்டியிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் உள்ள திறந்த தொட்டிக்கு, மணிக்கு 10 கன மீட்டர் தண்ணீர், 30 டிகிரியில். குழாயின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், சாதாரண ஸ்டீல், நீளம் 100 மீட்டர். 4 எல்போ, முழுதாகத் திறந்த ஒரு குளோப் வால்வ்.

வேகம் விநாடிக்கு 1.41 மீட்டர். பம்பின் வெளியேற்றுக் குழாயில் திரவத்துக்கு விநாடிக்கு 1 முதல் 3 மீட்டர் வழக்கம், ஆக சரியாகவே இருக்கிறது. ரெனால்ட்ஸ் எண் சுமார் 88,000, டர்புலன்ட். ஸ்டீலின் சொரசொரப்பு 0.046 மில்லிமீட்டர், விட்டத்தால் வகுத்தால் 0.00092. இவற்றுக்கு ஃபேனிங் காரணி 0.0055. நேர்க்குழாயில் மட்டும் இழப்பு 44 கிலோபாஸ்கல், அதாவது 4.5 மீட்டர் ஹெட்.

அடுத்து எல்போ, வால்வ். ஓர் எல்போ விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமுள்ள குழாய்க்குச் சமம். நான்குக்கும் சேர்த்து 6 மீட்டர். குளோப் வால்வ் சுமார் 340 மடங்கு, அதாவது 17 மீட்டர் குழாய். முழுதாகத் திறந்திருக்கும்போதே இவ்வளவு! ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தேவையில்லாத இடத்தில் கேட் வால்வ் போடுவது இதனால்தான். எல்லாம் சேர்த்து உராய்வு 5.5 மீட்டர், கடைசியில் தொட்டிக்குள் விழும்போது இழப்பது 0.1. மொத்த ஹெட் 17.6 மீட்டர், திரவத்துக்குப் போய்ச்சேரவேண்டிய திறன் சுமார் 480 வாட். பம்பின் திறமை 55 சதவீதம் என்றால் தண்டில் 870 வாட் வேண்டும்.

விடை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். காசை மிச்சம்பிடிக்க 40 மில்லிமீட்டர் குழாய் போட்டால் என்ன ஆகும்? டர்புலன்ட் ஓட்டத்தில், அதே பாய்வுக்கு, இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதம். உராய்வு 3 மடங்காகி, 12 மீட்டர் உயரத்தையே மிஞ்சிவிடும். குழாயை ஒரு தடவை வாங்கினால் போதும், மின்சாரத்தை ஆலை ஓடும்வரை வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

இன்னொன்று: தண்ணீருக்குப் பதில் 20 டிகிரியில் கிளிசரின் ஓடினால்? ரெனால்ட்ஸ் எண் 63 ஆகிவிடும், சுத்தமான லேமினார். லேமினார் ஓட்டத்தின் அழுத்த இழப்பைத் தரும் ஹேகன்–பாய்சூய் சமன்பாட்டின்படி 100 மீட்டர் நேர்க்குழாயில் இழப்பு சுமார் 25 பார். தண்ணீருக்கு அரை பார்கூட இல்லை. கிளிசரினை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 1.5 பாரில் வேலை முடியும். கெட்டியான திரவம் ஓடும் குழாய்களைச் சுற்றி நீராவி ஜாக்கெட்டோ வெப்பக் கம்பியோ ஓடுவதன் காரணம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

ஹெட்டை ஏன் மீட்டரில் சொல்கிறார்கள்?

சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சக்கரம் சுழற்றித் தள்ளும் பம்ப்) பாகுநிலை குறைந்த எந்தத் திரவத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கும். அடர்த்திக்கேற்ப அழுத்தமும் திறனும்தான் மாறும். பம்புக்கு ப்ரைமிங் (ஓட்டும் முன் உள்ளே தண்ணீர் நிரப்புவது) ஏன் தேவை என்பதும் இதிலேயே புரிந்துவிடும். 20 மீட்டர் ஹெட் தரும் பம்பில் காற்று நிரம்பியிருந்தால் அது 20 மீட்டர் காற்றுக்கான அழுத்தத்தைத்தான் தரும். தண்ணீரில் அது 2 சென்டிமீட்டர் சொச்சம். கிணற்றுத் தண்ணீர் அசையக்கூட அசையாது.

பம்புக்குள் ஜல்லிக்கல் உருள்வதுபோல் சத்தம் வருகிறதே, ஏன்?

பெரும்பாலும் கேவிட்டேஷன். பம்பின் நுழைவாயில் அழுத்தம் திரவத்தின் ஆவி அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், திரவம் அங்கேயே கொதித்துக் குமிழ்களாகிறது. அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் குமிழ்கள் நொறுங்கி இம்பெல்லரை (பம்பின் சுழலும் சக்கரத்தை) அரிக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பம்ப் திரவத்தை இழுப்பதில்லை, வளிமண்டலம்தான் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளல் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 1640-களில் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டியது இதைத்தான். ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான், அங்கே அது 8 மீட்டரைக்கூட எட்டாது. நடைமுறையில் உராய்வும் ஆவி அழுத்தமும் இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். தரையில் வைத்த சாதாரண பம்பால் ஆழமான போர்வெல்லில் தண்ணீர் எடுக்கமுடியாததும், மோட்டாரையே உள்ளே இறக்குவதும் இதனால்தான்.

மிச்சமிருக்கும் ஹெட்டைத்தான் என்பிஎஸ்ஹெச் (நெட் பாசிட்டிவ் சக்‌ஷன் ஹெட்) என்கிறோம். தொட்டி 4 மீட்டர் கீழே, உறிஞ்சு குழாயில் உராய்வு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் (சூட்டில் அடர்த்தி குறைவதால் 10.3 இங்கே 10.4 ஆகிறது) 10.4-இலிருந்து ஆவி அழுத்தத்துக்கு 0.4-ஐயும், உயரத்துக்கும் உராய்வுக்கும் 5-ஐயும் கழித்துக் கிட்டத்தட்ட 5 மீட்டர் கிடைக்கும். பம்ப் தயாரிப்பாளர் 3 மீட்டர் கேட்டால் பிரச்சினை இல்லை. அதே தண்ணீர் 80 டிகிரியில் வந்தால் வளிமண்டலத்தின் தள்ளல் 10.6 மீட்டர், ஆனால் ஆவி அழுத்தம் மட்டும் 5 மீட்டரைத் தின்றுவிடும், கையில் மிஞ்சுவது 0.6. சத்தம் நிச்சயம்.

நம் துறைக்கே உரிய நிலைமை இதைவிடக் கடினம். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் அடியில் இருக்கும் திரவம் ஏற்கனவே கொதிநிலையில் இருக்கிறது. அங்கே அழுத்தமும் ஆவி அழுத்தமும் சமம், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மிஞ்சுவது திரவம் நிற்கும் உயரம் மட்டுமே. சென்னை மணலிப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்தால், கோபுரங்கள் தரையிலிருந்து பல மீட்டர் உயர்ந்த பாவாடை போன்ற அடித்தாங்கியின் மேல் நிற்பதைக் கவனிக்கலாம். அதற்கு முக்கியமான காரணம், கீழே இருக்கும் பம்புக்கு இந்த ஹெட்டைக் கொடுப்பதுதான்.

ஆரிஃபிஸ், வெஞ்சுரி, ரோட்டாமீட்டர்: எதை எங்கே?

மூன்றும் ஓட்டத்தை அளக்கும் கருவிகள். ஆரிஃபிஸ் (நடுவில் துளையுள்ள தகடு) மலிவு, மாட்டுவதும் எளிது, ஆனால் காட்டும் அழுத்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் திரும்பி வராது. அதன் வெளியேற்றக் கெழு (உண்மைப் பாய்வுக்கும் கணக்கில் வரும் பாய்வுக்கும் உள்ள விகிதம்) 0.61 அளவில். வெஞ்சுரிக்கு (மெல்லக் குறுகி விரியும் குழாய்) அது 0.98, இழப்பும் மிகக் குறைவு, விலை அதிகம். ரோட்டாமீட்டரில் (கூம்புக் குழாயில் மிதவை ஏறி இறங்குவது) அழுத்த வித்தியாசம் மாறாது, வழிதான் மாறுகிறது, செங்குத்தாகத்தான் நிறுத்தவேண்டும்.

நியூட்டன் விதிக்குக் கட்டுப்படாத திரவங்கள் தேர்வுக்கு மட்டும்தானா?

இல்லை, நம் தொழிலில் அவைதான் நிறைய. பெயின்ட், பாலிமர் கரைசல், தக்காளி சாஸ், பற்பசை, இட்லி மாவு எதற்கும் ஒரே ஒரு பாகுநிலை எண் கிடையாது. மாவும் பெயின்ட்டும் கலக்கக் கலக்க இளகும். பற்பசை ஓர் அளவு அழுத்தும்வரை நகரவே நகராது. மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வேகமாகக் குத்தினால் இறுகும். இவற்றுக்கு எந்தச் சறுக்கு வீதத்தில் (அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் வேகத்தில்) அளந்தது என்று சொல்லாத பாகுநிலைக்குப் பொருள் இல்லை.

துகள் படுகையில் வேகத்தைக் கூட்டினால் அழுத்த இழப்பு ஏன் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது?

தொடக்கத்தில் துகள்கள் அசையாமல் கிடக்கும். இழப்பு வேகத்தோடு ஏறும். எர்கன் 1952-இல் தந்த சமன்பாட்டில் இரண்டு உறுப்புகள் உண்டு. மெதுவான ஓட்டத்தில் 150 உள்ள உறுப்பும், வேகமான ஓட்டத்தில் 1.75 உள்ள உறுப்பும் ஆளும். மேல்நோக்கிய வேகம் கூடி, அழுத்த இழப்பு படுகையின் எடையைத் தாங்கும் அளவுக்கு வந்ததும் துகள்கள் மிதக்கத் தொடங்கும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் படுகை விரியும், துகள்களுக்கிடையே வழி அகலும். தூக்கவேண்டிய எடை அதேதான் என்பதால் இழப்பும் அங்கேயே நிற்கும். பெட்ரோல் தயாரிக்கும் எஃப்சிசி (ஃப்ளூயிட் கேட்டலிட்டிக் கிராக்கிங்) முறை இந்த நடத்தையின் மேல்தான் எழுந்தது. அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் 1942-இல் முதல் ஆலை ஓடியது. தூள் வினையூக்கியைத் திரவத்தைப் போலவே ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குக் குழாயில் அனுப்ப முடிந்தது. இந்தப் பாடத்தின் ஆகச்சிறந்த பலன் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை மனப்பாடம் செய்யவேண்டுமா?

வேண்டாம். அது நியூட்டனின் இயக்க விதியைப் பாய்மத்துக்கு எழுதிய பொதுச் சமன்பாடு. ஒவ்வோர் உறுப்பும் எந்த விசையைக் குறிக்கிறது என்று தெரிந்தால் போதும். குழாயில் லேமினார் ஓட்டத்துக்குத் தேவையில்லாத உறுப்புகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு ஹேகன்–பாய்சூய்க்கு வந்துசேர ஒரு தடவை பயிற்சி செய்யுங்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்கும் அது உதவும்.

ஆய்வகத்தில் ரெனால்ட்ஸ் சோதனை செய்தோம், 2,100 வரவில்லை. ரெக்கார்டில் என்ன எழுதுவது?

வந்ததை எழுதுங்கள். 2,100 என்பது, அதற்குக் கீழே எவ்வளவு தொந்தரவு செய்தாலும் ஓட்டம் மறுபடி அமைதியாகிவிடும் என்பதற்கான எல்லை. அதற்கு மேலே எப்போது குலையும் என்பது தொட்டித் தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தது, குழாயின் வாய் எவ்வளவு வழவழப்பு, பக்கத்தில் மோட்டார் ஓடியதா என்பதையெல்லாம் பொறுத்தது. ரெனால்ட்ஸே கவனமாகச் செய்தபோது சுமார் 13,000 வரை சாய இழை குலையாமல் போனது. பின்னால் வந்தவர்கள் நுழைவாயிலை இன்னும் பக்குவமாக அமைத்து 1 லட்சத்தைத் தொட்டார்கள். அவருடைய அதே கருவியில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துச் செய்து பார்த்தபோது, தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வால் அவருக்குக் கிடைத்த எண் கிடைக்கவில்லை. அதனால் உங்கள் எண்ணோடு தண்ணீரின் வெப்பநிலையையும், தொட்டியை நிரப்பி எவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கினீர்கள் என்பதையும், வால்வைத் திறந்துகொண்டே போனபோது அளந்ததா, மூடிக்கொண்டே வந்தபோது அளந்ததா என்பதையும் குறியுங்கள். இரண்டு திசையிலும் அளந்தால் இரண்டு எண்கள் வரும். மூடிக்கொண்டு வரும்போது கிடைப்பதுதான் 2,100-க்குப் பக்கத்தில் இருக்கும்.